உங்களுக்குத் தெரியுமா? கொத்தனாரை வளைத்துப்போடும் புற்று!

மூச்சை இழுத்துப் பிடியுங்கள். பிடித்தாச்சா? இப்போது உங்கள் நெஞ்சுக்குள் விரிந்து நிற்கும் காற்றுப்பைகள் சராசரியாக 48 கோடி!

அத்தனையையும் பிரித்துத் தரையில் விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். எங்கள் ஊர் தேவாரத்துக் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட்! பத்திரப்பதிவு, பட்டா எதுவும் இல்லாமல் ஆளுக்கு ஒன்றே முக்கால் சென்ட் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறோம்!

அந்தப் பைகளின் சுவர் எவ்வளவு மெல்லிசு தெரியுமா? மிக மெல்லிய இடத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி ஒன்றின் பருமனில் 50-ல் ஒரு பங்குகூடத் தேறாது!

இந்தச் சுவருக்குள் ஒரு கொத்தனார் குடியிருக்கிறார். பெயர் ஃபைப்ரோபிளாஸ்ட். இரண்டு முனையும் கூராக, நூற்கும் கதிர் மாதிரி நீண்ட செல். பாதி நாள் சும்மாதான் கிடப்பார். ‘காயம்’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், எழுந்து ஓடிவந்து கொலாஜன் என்ற நாரைக் கக்கிப் பூசி மெழுகிவிடுவார். அந்தப் பூச்சுதான் தழும்பு!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரல் புற்றுச்செல்லுக்கு அந்தக் குரல் அத்துப்படி! காயமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு ‘காயம், காயம்’ என்று கூவுகிறது. கொத்தனாரும் நம்பி, சட்டியும் கரண்டியுமாக வந்துவிடுகிறார்!

அந்தக் குரல் ஒரு புரதம். பெயர் டிஜிஎஃப்-பீட்டா. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் அனிதா ராபர்ட்ஸ், மைக்கேல் ஸ்போர்ன் குழு இதைப் பிடித்தது. 1986-ல் அதைப் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் தோலுக்கடியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஊசி போட்டதைத் தவிர ஒரு கீறல் கிடையாது. தழும்பு நார் திரண்டுவர எத்தனை நாள் ஆனது? இரண்டு, மூன்றே நாள்!

அதே 1986. ஹெரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க மருத்துவர் புற்றுக்கட்டியை ‘ஆறாத காயம்’ என்று எழுதினார். பேர் வைத்தால் இப்படி வைக்க வேண்டும்!

இதில் ஒரு குசும்பு பாருங்கள். அதே டிஜிஎஃப்-பீட்டாதான் நல்ல செல்கள் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் பிரேக்! புற்றுச்செல் என்ன செய்கிறது? நாள்பட நாள்பட தன் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடுகிறது. ஹாரனை மட்டும் வைத்துக்கொள்கிறது. போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள்!

குரல் கேட்ட கொத்தனாருக்குத் தசை முளைக்கும்! கதையில்லை. குடல் சுவரிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கும் அதே தசைப் புரதம் இவர் உடம்புக்குள் கயிறு கயிறாகத் திரள்கிறது. 1971-ல் ஜூலியோ கேபியானி குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைப் பார்த்துவிட்டு வைத்த பெயர், மயோஃபைப்ரோபிளாஸ்ட். பாதி கொத்தனார், பாதி பயில்வான்!

பயில்வானின் பலம் எவ்வளவு? தசை முளைக்காத சாதாரணக் கொத்தனாரே என்ன பாடு படுத்துகிறார் என்று கேளுங்கள். 1980-ல் ஆல்பர்ட் ஹாரிஸ் என்பவர் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் தாளின் மேல் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை ஊர விட்டார். தாள் சுருங்கிக் கசங்கிவிட்டது! கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், ரப்பரைப் பிடித்து இழுத்து மடிப்பு விழ வைக்கிறது! கட்டியைச் சுற்றி நுரையீரல் சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்பது ஸ்கேனில் தெரிகிறதே, அதற்குப் பின்னால் நிற்பது இந்த இழுவைதான்!

தழும்பேறிய நுரையீரல் எவ்வளவு விறைப்பு? அளந்தே பார்த்துவிட்டார்கள். நல்ல நுரையீரலைப்போல் நாலு மடங்குக்கும் மேல்! முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிய்க்கும் அதே ‘சர்ர்ர்’! டாக்டர்களே அதை வெல்க்ரோ சத்தம் என்றுதான் எழுதுகிறார்கள்!

சரி, தழும்பால் புற்று வருகிறதா, புற்றால் தழும்பு வருகிறதா? இந்தப் பட்டிமன்றம் நடந்த கதை ஒரு துப்பறியும் நாவல். விட மாட்டேன், முழுசாகச் சொல்கிறேன்!

1939. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் என்ற நோய்க்கூறு ஆய்வாளர் இறந்தவர்களின் நுரையீரலை அறுத்துப் பார்க்கிறார். கட்டியின் நட்டநடுவில் கெட்டியான தழும்பு. பழைய தழும்பிலிருந்துதான் புற்று முளைத்தது என்று முடிவு கட்டினார். ‘தழும்புப் புற்று’ என்று பெயரும் வந்தது. பழைய டிபி தழும்பின் மேல் பழி போட்டே நாற்பது ஆண்டு ஓடிப்போனது!

1980. ஜப்பானில் ஷிமோசாத்தோ குழு சின்னச் சின்னக் கட்டிகளை எடுத்துப் பரிசோதிக்கிறது. அங்கே கதை தலைகீழ்! தழும்பு பழசு இல்லை. கட்டி வளர வளரத்தான் அதுவும் வளர்ந்திருக்கிறது. 1980களில் வேறு ஆய்வாளர்கள் அந்த நாரையே சோதித்தார்கள். ஆறிக்கொண்டிருக்கும் புதுக் காயத்தில் கிடைக்கும் மூன்றாம் வகைக் கொலாஜன் அதில் ஏராளம்! குற்றவாளிக்கூண்டில் நின்ற தழும்பு, உண்மையில் புற்று கட்டிய வீடு!

ஆனால் தழும்புக்கு முழு விடுதலை கிடையாது! ஐபிஎஃப் என்று ஒரு நோய். காரணம் பிடிபடாமல் நுரையீரல் முழுக்கத் தழும்பேறும். பிரிட்டனில் இந்த நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு!

வழக்கமாக நுரையீரல் புற்று மேல் மடலில்தான் அதிகம். ஐபிஎஃப்காரர்களுக்கோ அது கீழ் மடலைத் தேடிப் போகிறது. தழும்பு மண்டிக்கிடப்பதும் அங்கேதான்!

இப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளப் போகிறேன். அந்தத் தழும்பு நார் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊர் எது? லண்டனா? பாஸ்டனா? நம்ம சென்னை!

ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. கூட நின்றவர் கோபிநாத் கர்த்தா. கங்காரு வாலின் தசைநாண் வரைக்கும் வரவழைத்து எக்ஸ்-ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். 1954-ல் ‘நேச்சர்’ இதழில் விடை வந்தது. மூன்று இழை! அவை ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றிப் பின்னியிருக்கின்றன என்று அடுத்த ஆண்டே சொன்னார்கள். மூன்று கால் சடையேதான்! 1954-ல் ராமச்சந்திரனுக்கு வயது 31!

பின்னல் ஏன் இவ்வளவு நெருக்கம்? ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே ஆகச் சின்னது அதுதான். சடையின் உள்பக்கம் வேறு எதற்கும் இடமில்லை! ஓர் இழையில் இப்படிக் கோத்த மணிகள் ஆயிரத்துக்கும் மேல்!

அதே 1954. அதே சென்னை. அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. முதல் நாள் படுக்கைகள் வெறும் 12! தழும்பின் ரகசியம் கிண்டிப் பக்கம் அவிழ்கிறது. சில கிலோமீட்டர் தள்ளிப் புற்றுநோயாளிக்குக் கட்டில் போடுகிறார்கள். ஒரே வருஷத்தில்! இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று அப்போது யார் கண்டது?

கொலாஜனைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஆட்டுக்கால் சூப் மிச்சம் இருந்தால் ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் திறந்தால் அல்வா மாதிரி ஆடும். அந்த ஆட்டம் முழுக்கக் கொலாஜன் அவிழ்ந்த ஜெலட்டின்! உங்கள் உடம்பின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 4-ல் 1 பங்கு இந்தச் சரக்குதான்!

திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் பட்டைச்சாறு ஊற்றித் தோலைப் பதனிடுவார்கள். நார்கள் ஒன்றோடு ஒன்று பிணைந்து கெட்டிப்படும். புற்றுக்கும் இந்தத் தொழில் தெரியும்! காற்றுக்குத் திண்டாடும் புற்றுச்செல் லாக்ஸ் என்ற நொதியைக் கக்குகிறது. அதற்குச் செம்பு வேண்டும். அது பட்ட கொலாஜன் இழைகள் பிணைந்து இறுகும்!

மயிர்க்கூச்செறிய வைப்பது இதுதான். எலிகளில், மார்பில் இருக்கும் கட்டி லாக்ஸை ரத்தத்தில் விட்டு, நுரையீரலின் நாரை முன்கூட்டியே இறுக்கி வைக்கிறது. 2009-ல் கண்டார்கள். ஒரு புற்றுச்செல்கூட இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. பந்தல் மட்டும் ரெடி!

இதையெல்லாம் 1889-லேயே ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார்! லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்புப் புற்றில் இறந்த 735 பேரின் பதிவுகளைப் புரட்டினார். புற்று விதை மாதிரி, உடம்பு நிலம் மாதிரி, எந்த நிலத்திலும் எந்த விதையும் முளைக்காது என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேவாரத்துத் தரையில் ஏலம் வராது. மலை மேலே ஏறினால் நிழலும் ஈரமும் மக்கின இலையும் கிடைத்து ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்! பேஜட் சொன்ன நிலத்தைப் பண்படுத்திக் கொடுப்பதில் நம் கொத்தனாருக்குப் பெரும் பங்கு!



அடுத்து, வழிகாட்டி வேலை! 2007-ல் லண்டனில் எரிக் சஹாய் குழு வீடியோ எடுத்தது. கொத்தனார் முன்னால் நாரைக் குடைந்துகொண்டு போகிறார். அவர் போட்ட ஒற்றையடிப் பாதையில் புற்றுச்செல்கள் வரிசையாகப் பின்தொடர்கின்றன. பாதை போடும் தெம்பு புற்றுக்கு இல்லை!

2017-ல் பார்சிலோனாக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். கொத்தனார் புற்றுச்செல்லைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்! பிடி, இரண்டு செல்களின் தோலிலும் இருக்கும் இரண்டு வேறு புரதங்கள்!

காவல்காரர்களைத் தடுப்பதும் இவர்தான். 2012-ல் பாரிஸில், அறுவையில் எடுத்த மனித நுரையீரல் கட்டியைச் சீவி, அதன் மேல் டி-செல் என்ற எதிர்ப்புச் செல்களை விட்டார்கள். நார் தளர்ந்த இடத்தில் அவை சுறுசுறுப்பாக ஓடின. கட்டியை ஒட்டி நார் நெருங்கின இடத்தில் திண்டாடின. முள்வேலிக்கு வெளியே நிற்கும் போலீஸ்!

இத்தனைக்கும் கொத்தனார் பிறவியிலேயே நல்லவர்! 1966-ல் மைக்கேல் ஸ்டோக்கர் நல்ல ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளின் நடுவே கெட்டுப்போன செல்களை வைத்தார். பக்கத்துவீட்டுக்காரர் தொட்டுக்கொண்டு நின்றதாலேயே அவற்றின் பெருக்கம் அடங்கிவிட்டது!

ஆனால் சகவாச தோஷம்! 1999-ல் இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மனிதப் புராஸ்டேட் கட்டிக்குள் இருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை எடுத்து, கட்டி உண்டாக்கும் பழக்கமே இல்லாத செல்களோடு எலிக்குள் வைத்தார்கள். கட்டி கிளம்பியது! புற்றைவிட்டுப் பிரித்த பிறகும் கற்றுக்கொண்ட கெட்டபழக்கம் போகவில்லை!

அப்படியானால் கொத்தனாரையே தீர்த்துக்கட்டிவிட்டால்? ரகு கல்லூரி என்ற ஆய்வாளரின் குழு 2014-ல் எலிகளின் கணையப் புற்றில் செய்தே பார்த்தது. கட்டி சுருங்கியதா? இல்லை! முன்னைவிட மூர்க்கமானது, எலிகள் சீக்கிரமே செத்தன! நார்ச்சுவர் புற்றுக்கு வீடும்தான், வேலியும்தான்!

கொத்தனாரும் அவர் கூட்டாளிகளுமாக எத்தனை சாதி! 2018-ல் பெல்ஜியத்தின் லூவென் நகரத்தில் நுரையீரல் கட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு செல்லாக எண்ணினார்கள். எண்ணியது 52,698 செல்கள். புற்றுச்செல்லே அல்லாத துணைச்செல்களில் மட்டும் 52 வகை!

புற்றைப் பிடிக்க, அதன் ஏவலாளைப் பிடி! ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 2018-ல் வந்த ஒரு ஸ்கேன், புற்றுச்செல்லைத் தேடவே தேடாது. வளைத்துப்போட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்டின் மேல் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு மின்னும். தழும்பு நுரையீரலிலும் அது மின்னும் என்பதுதான் வேடிக்கை!

மருந்தில் ஓர் ஆச்சரியம். நின்டெடனிப். புற்றுநோய்க்கென்று உருவாக்கத் தொடங்கிய மாத்திரை. 2014 அக்டோபர் 15, அமெரிக்காவில் தழும்பு நோய்க்கு அனுமதி. அடுத்த மாதமே ஐரோப்பாவில் ஒருவகை நுரையீரல் புற்றுக்கு, வேறொரு மருந்தோடு சேர்த்து அனுமதி. இரண்டு நோய்க்கும் ஒரே மாத்திரை!

அதே அக்டோபர் 15 அன்று அமெரிக்கா அனுமதித்த இன்னொரு தழும்பு மருந்து பிர்ஃபெனிடோன். நாம் எப்போது பார்த்தோம்? சிப்லா 2010-லேயே இந்தியாவில் இறக்கிவிட்டது. அமெரிக்காவுக்கு 4 ஆண்டு முன்பே!

தலைகீழ்க் கூத்தும் உண்டு. புற்றுக்குக் கொடுக்கும் பிளியோமைசின் மருந்து நுரையீரலில் தழும்பு உண்டாக்கும்! எலிக்குத் தழும்பு வரவைக்க ஆய்வுக்கூடங்கள் இன்றும் கையில் எடுப்பது இதைத்தான். 1996-ல் புற்று வந்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், மூச்சு போய்விடும் என்று இதைத் தவிர்த்து வேறு மருந்து எடுத்துக்கொண்டார்!

இந்தியாவில் தழும்பு நுரையீரலுக்குப் பெரிய காரணம் என்ன? சிகரெட் என்றுதானே சொல்வீர்கள்? 19 நகரங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வு 2017-ல் வந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 47.3 சதவீதம், மூச்சில் போன பூஞ்சையோ இறகுத் தூசியோ ஒத்துக்கொள்ளாமல் வந்த அழற்சி! அவர்களில் 48.1 சதவீதம் பேர் வீட்டில் ஏர்கூலர்!

ஏசி இல்லை, கூலர். தண்ணீர் மாற்றாமல், புல் அட்டை கறுத்துப்போய், ஒரு மாதிரி மண்வாசனை வீசுமே, அதேதான்! எங்கள் தெருவில் மாடி முழுக்கப் புறா வளர்க்கும் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “புறா எச்சமுமா?” என்றார். புறா எச்சமும்தான், இறகும்தான்! ஒரு வாரம் என்னோடு பேசவில்லை!

விறகுப் புகை? உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அடுப்பு விறகுப் புகையை ‘புற்று உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது’ வரிசையிலும், வீட்டுக்குள் எரிக்கும் நிலக்கரிப் புகையை ‘உறுதி’ வரிசையிலும் வைத்திருக்கிறது. பீடியே தொடாத அம்மாக்களுக்கு நுரையீரல் புற்றா என்று இனி வாய் பிளக்காதீர்கள்!

 எங்கள் ஊர் ஏலக்காயை மென்றால் நுரையீரல் கழுவிவிட்ட மாதிரி ஆகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? டீக்கு மணம் வரும். தழும்பு கரையாது!

நுரையீரல் கொத்தனாருக்கு ஆயுள் எவ்வளவு? லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961-ல் எண்ணினார். சுமார் 50 முறை பிளக்கும், அப்புறம் கப்சிப்! புற்றுச்செல்லுக்கு அந்தக் கணக்கே கிடையாது. 1972-ல் 58 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல் கட்டியில் எடுத்த ஏ549 செல்கள், உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் பெருகிக்கொண்டே இருக்கின்றன!

50 முறைதானே என்று ஏளனம் வேண்டாம். 1966-ல் எடுத்த எம்ஆர்சி-5 என்ற நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட் வம்சத்தில் ரூபெல்லா தடுப்பூசி வைரஸை வளர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை கையை நீட்டி அழுததே, அந்த ஊசிக்குப் பின்னால் நின்றவரும் ஒரு கொத்தனார்!

கடைசியாக ஒன்று. இதற்கு ஸ்கேன் வேண்டாம், காசு வேண்டாம். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களை முதுகோடு முதுகாக ஒட்ட வையுங்கள். நகத்தின் அடியில் வைர வடிவில் ஒரு சின்ன ஜன்னல் தெரிகிறதா? ரொம்ப நல்லது! நுரையீரல் புற்றிலும் தழும்பு நோயிலும் சிலருக்கு விரல் நுனி உருண்டு, நகம் கிளிமூக்காக வளைந்து, அந்த ஜன்னல் அடைபட்டுவிடும். கண்டுபிடித்தவர் தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத். 1976-ல். தன் சொந்த விரலில்! அவருக்கு வந்திருந்ததோ இதய நோய். ஆகவே ஜன்னல் காணோம் என்றால் புற்று என்று ஒப்பாரி வைக்காதீர்கள், டாக்டரிடம் விரலை நீட்டுங்கள்!

விரல் நுனி ஏன் உருள்கிறது? ரத்தத்தட்டுகளை உண்டாக்கும் பெரிய செல்களும் ரத்தத்தட்டுக் கொத்துகளும் நுரையீரலில் வடிகட்டப்படாமல் விரல் நுனிவரை போய்ச் சிக்கி, அங்கே இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை உசுப்புகின்றன என்பது 1987-ல் வந்த கருத்து. நெஞ்சில் கோளாறு, கொத்தனார் வேலை விரலில்!

போன வாரம் விடியக்காலை தேவாரத்தில், மலைக்குக் காய் எடுக்கப் போகிற அக்காமார் தூக்குவாளியோடு ஜீப்புக்கு நின்றார்கள். இதைச் செய்துகாட்டினேன். “நகத்தப் பாத்து நோய் சொல்ல நீ என்னப்பா, ஜோசியக்காரனா?” என்றார் ஒரு பாட்டி. சொல்லிக்கொண்டே அவரும் விரலை ஒட்டினார். நக இடுக்கில் ஏலக்காய்க் கறை அப்பியிருந்தது. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, ஒரு ஜீப் ஆட்களும் தெருவிளக்குக்கு நேராக விரலைத் தூக்கிப் பிடித்து ஜன்னல் தேடினார்கள். 14 பேர். 14 வைரம்!